துறைமுகத்தின் எல்லை எங்கே தொடங்குகிறது?

(சேவூரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலோரம் இல்லாத இந்த நெசவாளர் ஊரில் துறைமுகச் சூழலைப் பற்றிப் பேச வேண்டும் என்று நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம் உங்கள் பக்கத்தில் ஓடும் ஆறு. ஜவ்வாது மலையில் பிறந்து, படவேட்டைத் தொட்டு, ஆரணிக் கரையைத் தழுவிப் போகும் கமண்டல நாகநதி செய்யாற்றில் கலக்கிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. பாலாறு வயலூர் அருகே வங்கக் கடலில் விழுகிறது. அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் சதுரங்கப்பட்டினம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டையும் கிடங்கும் கட்டி, தமிழ்நாட்டுத் தறிகளில் நெய்த துணியைக் கப்பலேற்றினார்கள். அன்று தறிக்கும் துறைக்கும் இருந்த உறவு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இன்று சேலை சாலை வழியே போய்விடுகிறது. சாயத் தண்ணீர் மட்டும் பழைய வழியிலேயே கடலை நோக்கிப் போகிறது.

ஆண்டில் பெரும்பகுதி நம் ஆறுகளில் மணல்தானே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வறண்ட ஆறு அழுக்கைக் கொண்டுபோவதில்லை, சேர்த்து வைக்கிறது. மணலிலும் கிணற்றிலும் ஊறிக் கிடப்பதெல்லாம் ஒரு பெருமழை வரும்வரை காத்திருக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் கரைபுரண்ட வெள்ளத்தை இங்கே பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். பல ஆண்டுகளாகச் சேர்ந்ததைச் சில நாட்களில் முகத்துவாரத்தில் கொட்டிவிட்டுப் போகும் ஆறு நம்முடையது.

இதே பாலாற்றின் தண்ணீரில் ஒரு பங்கு, வாலாஜா அணைக்கட்டிலிருந்து வடக்கே திரும்பி, காவேரிப்பாக்கம் ஏரி வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் வடிநிலத்துக்கும் பூண்டி நீர்த்தேக்கத்துக்கும் போகிறது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் எண்ணூர். தமிழ்நாட்டில் துறைமுகச் சூழலையும் அதைக் காக்க வந்த சட்டங்களையும் ஒருசேரப் படிக்க எண்ணூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அதனால் இன்று என் பேச்சில் பெரும்பகுதி எண்ணூரைப் பற்றியே இருக்கும்.

முதலில் சட்டம். நூறாண்டுக்கு மேலாக நம் துறைமுகங்களை ஆண்டது 1908ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகங்கள் சட்டம். துறைமுகத்துக்குள் குப்பையோ, கப்பலின் அடிப்பாரமோ கொட்டக் கூடாது என்று அதன் 21ஆம் பிரிவு தடை செய்தது. ஏன் தடை? திட்டு மேடாகிக் கப்பல் தட்டிவிடக் கூடாது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் வரக் கூடாது. அந்தப் பிரிவை எழுதியவர்களின் கண்ணில் மீன் இல்லை, இறால் இல்லை, வலை போடுகிறவர் இல்லை. எண்ணெயைக் கொட்டுவது பற்றிய வாசகம் பின்னால்தான் சேர்க்கப்பட்டது. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய துறைமுகங்கள் சட்டம், கப்பல் மாசு பற்றிய உலக உடன்படிக்கைகளுக்கு இடம் தந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் நூறாண்டுப் பழக்கம் சட்டப் புத்தகம் மாறியவுடன் மாறிவிடாது. துறைமுகம் கப்பலுக்கானது, மற்றவர்கள் அதன் ஓரத்தில் இருந்துகொள்ளலாம் என்ற எண்ணம் நம் நிர்வாகத்தில் ஆழமாக இறங்கியிருக்கிறது.

எண்ணூர்க் கழிமுகம் என்பது ஆறும் கடலும் கலக்கும் உப்பங்கழி. அலையாத்தி மரங்கள், உப்பளங்கள், சேற்றுத் திட்டுகள், மணல் மேடுகள். இறால், நண்டு, மடவை. படகில் போய் வலை வீசும் மீனவர்களும், முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் துழாவி இறாலைக் கையாலேயே பிடிக்கும் இருளர் மக்களும் அதை நம்பி வாழ்கிறார்கள். அந்தக் கழியைச் சுற்றி அனல்மின் நிலையங்கள் வந்தன. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலைகளும் முன்பே இருந்தன. மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்கென்றே 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இந்தியாவின் 12ஆவது பெருந்துறைமுகம் அது. 2014இல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். நிலக்கரியை எரித்த சாம்பல், குழாய் உடைந்தும் கரை கசிந்தும் ஆற்றில் இறங்கியது. ஆழமாக இருந்த நீரோட்டம் சாம்பற்சேறாக மேடுதட்டியது.

2017 ஜனவரி 28ஆம் தேதி அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போன பிடபிள்யூ மேப்பிள், எண்ணெய் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்த டான் காஞ்சிபுரம். எண்ணெய்க் கசிவால் சூழலுக்குப் பாதிப்பு ஏதும் இல்லை என்றுதான் துறைமுகத்தின் முதல் அறிக்கை சொன்னது. எர்ணாவூர்க் கரையில் கறுப்புக் கூழ் ஒதுங்கியபோது மக்களுக்கு உண்மை தெரிந்தது. ஆமைகள் செத்து ஒதுங்கின. அடுத்து நடந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது: கடலோரக் காவல் படையினரும் மாணவர்களும் மீனவர்களும் வரிசையாக நின்று வாளியால் எண்ணெயை அள்ளினார்கள்.

நம்மிடம் திட்டம் இல்லாமல் இல்லை. எண்ணெய்க் கசிவுப் பேரிடருக்கான தேசியத் திட்டம் 1996லேயே வந்துவிட்டது. அந்தத் திட்டப்படி ஆழ்கடல் பகுதி கடலோரக் காவல் படையின் பொறுப்பு. துறைமுக எல்லைக்குள் துறைமுகத்தின் பொறுப்பு. கரைக்கு வந்துவிட்டால் மாநில அரசின் பொறுப்பு. காகிதத்தில் பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணெய் ஒரே அலையில் இந்த மூன்று எல்லைகளையும் தாண்டிவிடுகிறது. அது யாருடைய எல்லைக்குள் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மணலுக்குள் இறங்கிவிடுகிறது. தண்ணீர் ஒன்றாக இருக்கிறது, பொறுப்பு துண்டு துண்டாக இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்த செய்தி இதுதான். எண்ணூரில் நடந்த ஒவ்வொரு கேட்டிலும் இதையே மீண்டும் காண்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இந்த முறை எண்ணெய் கடலிலிருந்து வரவில்லை. மணலி சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து மழை வெள்ளத்தோடு வெளியேறி, பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்துக்கு வந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. படகு, வலை, அலையாத்தி வேர், வீட்டுச் சுவர் என்று எதுவும் தப்பவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. எண்ணெய் அள்ளும் வேலையில் மறுபடியும் மீனவர்களே இறங்கினார்கள். மாநில அரசு மொத்தம் 8 கோடியே 68 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். உடனே கிடைத்த உதவி என்ற அளவில் அதை மதிக்கிறேன். ஆனால் எண்ணெய் படிந்த ஒரு வலையை மாற்றவும், மீன் விலைபோகாத மாதங்களைத் தாண்டவும் 12,500 ரூபாய் எத்தனை தூரம் வரும் என்பதைத் தறி ஓடாத நாட்களைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து நான் சொல்லப்போவது அதிகம் பேசப்படாத ஒரு கேடு. அதனாலேயே இதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

சரக்கில்லாமல் வரும் கப்பல் கடலில் சாயாமல் இருக்க, தன் அடித்தொட்டிகளில் கடல்நீரை நிலைநீராக நிரப்பிக்கொள்ளும். சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அந்த நீரை வெளியேற்றும். ஒரு கண்டத்தில் எடுத்த நீர் இன்னொரு கண்டத்தில் கொட்டப்படுகிறது. அதோடு நுண்ணுயிர்களும், நண்டு, சிப்பி, மட்டி ஆகியவற்றின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளும் வருகின்றன. கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டும் வரலாம். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் இன்று பெருகிக் கிடக்கும் ஒரு கறுப்பு ஆழி, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. மீனவர்கள் அதற்குக் காக்கா ஆழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விஞ்ஞானிகள் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்கிறார்கள். கப்பல்கள் வழியாக வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு.

அது என்ன செய்கிறது? ஆற்றின் அடித்தரையில் கம்பளம் போலப் பரவிச் சேற்றை மூடிவிடுகிறது. இறால் சேற்றில் புதைந்து வாழ்வது. புதைய இடம் இல்லாமல் போய்விடுகிறது. இயல்பாக இருந்த மஞ்சள் மட்டிக்கும் பச்சை ஆழிக்கும் இடம் இல்லை. தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தேடுகிறவர்களுக்குக் கால் வைக்கவே முடியவில்லை. ஓட்டின் விளிம்பு கிழித்துவிடுகிறது. எண்ணெயையாவது வாளியில் அள்ளலாம், பெருகிக்கொண்டே இருக்கும் உயிரை எப்படி அள்ளுவது? இதுவும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அங்கேயும் எழுந்தது அதே பழைய கேள்விதான்: அகற்றுவது யார், செலவு யாருடையது? ஆறு நீர்வளத் துறையுடையது. கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. மீன் மீன்வளத் துறையின் கணக்கில் வருகிறது. காக்கா ஆழி எந்தத் துறையின் கணக்கிலும் இல்லை.

கப்பலின் நிலைநீரைச் சுத்திகரித்த பிறகே வெளியேற்ற வேண்டும் என்ற உலக உடன்படிக்கை 2004இல் எழுதப்பட்டு, 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட 13 ஆண்டுகளில் எத்தனை கப்பல்கள் எத்தனை கரைகளில் நீரை மாற்றிக் கொட்டியிருக்கும்! காக்கா ஆழியைப் பற்றி முதலில் எச்சரித்தவர்கள் யார் என்று பாருங்கள். ஆய்வுக்கூடம் அந்த உயிரின் பெயரை உறுதி செய்யும் முன்பே, இது நம் ஊர் ஆழி இல்லை என்று மீனவர்கள் சொன்னார்கள். அந்தச் சொல்லைப் பதிவு செய்து நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்ட அலுவலகம் என்று ஒன்று நம் சட்டத்தில் இல்லை. இருந்திருந்தால், ஏதோ ஒரு மூலையில் இருந்தபோதே பிடுங்கி எறிந்திருக்கலாம்.

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்ற ஏற்பாடு 1991இல் வந்தது. 2011லும் 2019லும் புதிதாக எழுதப்பட்டது. ஒவ்வொரு முறையும் சில காப்புகள் சேர்ந்தன, சில தளர்ந்தன. அந்த வரலாற்றை முழுக்கச் சொல்ல இன்று நேரமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: அந்த விதிகள் வரைபடத்தில் உயிர் வாழ்கின்றன. 1996இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் கட்டுமானம் கூடாத பகுதி. பின்னால் வேறொரு வரைபடம் காட்டப்பட்டு, கழி இருந்த இடத்தில் கழி இல்லை என்றானது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்டுக் கேட்டுத்தான் இந்த முரண்பாடு வெளியே வந்தது. மீனவர் தினமும் படகு ஓட்டும் தண்ணீர், தான் தண்ணீர்தான் என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டியிருந்தது.

தெற்கே தூத்துக்குடிக்குப் போனால் வேறொரு பாடம் கிடைக்கும். துறைமுகத்துக்கு அருகிலிருந்து மண்டபம் வரை நீளும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலம் ஒன்று உண்டு. 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. வெட்டுதல் அடங்கியது, அதனால் நன்மை விளைந்தது. ஆனால் பூங்காவைக் காக்கும் விதிகள், தீவோரத்தில் மூழ்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்களையும் குற்றவாளிகளைப் போல விரட்டின. பெரிய கப்பலிடம் மென்மையாகப் பேசும் அதே அரசு, பாசி எடுக்கும் பெண்ணிடம் எவ்வளவு கறாராக இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. கடலைக் காக்கும் விதி வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அதன் பாரம் முதலில் யார் தோளில் இறங்குகிறது என்று கேட்பது கடலை நேசிக்கிறவர்களின் கடமை.

இனி உங்கள் ஆற்றுக்கு வருகிறேன். இந்தியாவின் துறைமுக வழக்குகளிலும், எண்ணெய்க் கசிவு வழக்குகளிலும் வழக்கறிஞர்கள் இரண்டு கோட்பாடுகளைச் சொல்வார்கள். கேடு வரும் என்று அஞ்சக் காரணம் இருந்தால், முழுச் சான்றுக்காகக் காத்திராமல் தடுக்க வேண்டும் என்பது ஒன்று. மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சீரமைக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. இவை இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக அறிவித்தது 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில். நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு அது. வழக்கு எந்த ஆற்றைப் பற்றியது? பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

எண்ணூர் மீனவர் இன்று நீதிமன்றத்தில் கையில் பிடித்திருக்கும் கருவி, வடாற்காட்டு விவசாயியின் கிணற்றடியில் பிறந்தது. கடலுக்கான நீதியை ஆற்றங்கரைக்காரர்கள் வாங்கித் தந்திருக்கிறார்கள். நாம் பெருமைப்படலாம். ஆனால் அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, மாசு செய்தவர்களிடமிருந்து வசூலி என்று ஏறக்குறைய 30 ஆண்டு கழித்தும் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், குறை கோட்பாட்டில் இல்லை. கண்காணிப்பில் இருக்கிறது.

கண்காணிப்பு இப்போது எப்படி நடக்கிறது? சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற துறைமுகமோ ஆலையோ, தனக்கு விதித்த நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கிறதா என்று ஆண்டுக்கு இரு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அறிக்கை தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அந்த அறிக்கைகள் பொது ஆவணங்கள். யாரும் கேட்டுப் பெறலாம். ஆனால் அதை எழுதுவது அந்த நிறுவனமே. திட்டம் வரும் முன் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குச் சுருக்க அறிக்கையைத் தமிழில் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அனுமதி கிடைத்த பிறகு ஆண்டாண்டாக வரும் அறிக்கைக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. ஒருமுறை கருத்துக் கேட்டு அனுப்பிவிட்டு, பிறகு புரியாத மொழியில் கணக்கு எழுதிக்கொள்வது முறையாகுமா?

பழவேற்காடு, எண்ணூர்ப் பகுதி மீனவர்களிடம் பாடு என்றொரு முறை உண்டு. எந்த நீர்ப்பகுதியில் எந்தக் குடும்பம் எந்த நாளில் வலை போடலாம் என்பதை ஊர் கூடி முறை வைக்கும். உங்கள் தெருவில் பாவு விரிக்கும்போது யார் எப்போது என்று பேசி வைத்துக்கொள்வீர்களே, அப்படித்தான். அந்த முறைக்குள் சாதி, ஊர் சார்ந்த விலக்கல்களும் இருக்கின்றன. இருளர் போன்றோர் அதன் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். அதை மறைத்துப் புகழ மாட்டேன். ஆயினும் நீரை முழுதாகப் பார்க்கும் ஓர் அறிவு அதில் இருக்கிறது. அப்படி முழுதாகப் பார்க்க, கழிமுகம் ஒவ்வொன்றுக்கும் ஒரே பொறுப்புக் குழு வேண்டும். துறைமுகம், ஆலைகள், நீர்வளம், மீன்வளம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எல்லாம் அதில் இருக்கட்டும். மீனவரும் இருளரும், பெண்கள் உட்பட, வாக்குரிமையோடு அதில் அமர வேண்டும். நீர்ச் சோதனை முடிவு தமிழில், மீன் இறங்கும் தளத்தில் ஒட்டப்பட வேண்டும். இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ள மனம் வேண்டும், அவ்வளவே.

இதையெல்லாம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு நம் ஊரை விட்டுவிட முடியாது. கச்சாப் பட்டு நூலின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதை நீக்குகிறோம். அந்தத் தண்ணீர் அழுகும்போது நீரில் உள்ள உயிர்க்காற்றைத் தின்றுவிடும். பிறகு சாயப்பட்டறையின் மிச்சச் சாயம். ஒரு வீட்டுப் பட்டறையின் தண்ணீர் அளவில் சிறியதுதான். ஓர் ஊரின் பட்டறைகள் சேர்ந்தால் சிறியதல்ல.

திருப்பூரை மறந்துவிடக் கூடாது. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் பாழான பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகள் மூடப்பட்டன. தீர்ப்பு நியாயமானது. ஆனால் அங்கேயும் முதலில் அடி வாங்கியவர்கள் கூலித் தொழிலாளர்களும் சிறு பட்டறைக்காரர்களும்தான். அந்த நாள் ஆரணிக்கும் சேவூருக்கும் வர நான் விரும்பவில்லை. மாசுபடுத்தியவர் பணம் கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை, கிலோ கணக்கில் கூலிக்குச் சாயம் போடுகிறவர் தலையில் மட்டும் சுமத்துவது அநீதி. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டைப் பெரிய நகரக் கடையில் பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கிறவருக்கும், நூல் கொடுத்துச் சேலை வாங்கும் முதலாளிக்கும், கூட்டுறவுச் சங்கத்துக்கும் அந்தத் தண்ணீரில் பங்கு உண்டு. சாயமேற்றும் ஒவ்வொரு கிலோ நூலுக்கும் சுத்திகரிப்புக்கென ஒரு தொகையை நூல் கொடுப்பவர் தர வேண்டும், அது சேலை விலையில் சேர வேண்டும், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அரசும் பங்கு தர வேண்டும் என்று நெசவாளர்களாகிய நீங்களே முதலில் கேளுங்கள். உத்தரவு வருவதற்கு முன் கேட்டால் அது கோரிக்கை. வந்த பின் கேட்டால் மன்றாட்டு.

கமண்டல நாகநதிப் படுகையில் உள்ள கிணறுகளின் நீர்ச் சோதனை முடிவை ஆண்டுக்கு இரு முறை தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டும்படி கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். இங்கே இருக்கும் கல்லூரி மாணவர்கள் அந்த மனுவை எழுத உதவலாம். அறக்கட்டளையினரிடம் எனக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்குப் பேராசிரியர் எவரையும் தேட வேண்டாம். பாலாற்று முகத்துவாரத்தில், வயலூர்ப் பக்கம் வலை போடும் மீனவர் ஒருவரை இந்த மேடைக்கு அழையுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு ஆறு தங்களிடம் எதைக் கொண்டுவந்து தருகிறது என்று அவர் சொல்லட்டும். உங்கள் கேள்விகளுக்கும் அவர் பதில் சொல்லட்டும்.